மகிழினியின் பூஜ்யம்

குருவைத் தேடிப் போகிறவர்கள் வழக்கமாக மலை ஏறுவார்கள். சென்னியப்பன் பெரிய ஆஸ்பத்திரியின் மாடிப்படி ஏறினார். பத்து வயது மகளையும் தூக்கிக்கொண்டு ஏறியதால் மூச்சு வாங்கியதில் ஒன்றும் குறைவில்லை.

மாடியில் கடைசி அறை. கதவில் 'உடற்பயிற்சிச் சிகிச்சை' என்று எழுதியிருந்தது. உள்ளே பெஞ்சின் நுனியில் சின்ன உருவமாக ஒருத்தி உட்கார்ந்து ரப்பர் பந்துகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, டீச்சர் எங்கே?"

"என்ன விஷயமா வந்தீங்க?"

"அவங்ககிட்டயே சொல்லிக்கறேன்."

"சரிங்க. உக்காருங்க, வந்துருவாங்க."

அவள் மிச்சமிருந்த நாலு பந்துகளையும் துடைத்துக் கூடையில் போட்டாள். எழுந்து, ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டினாள். பட்டன் போடத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"வந்துட்டாங்க. இப்பச் சொல்லுங்க."

சென்னியப்பனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகள் மகிழினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

டீச்சரின் பெயர் பூங்கோதை. வயது முப்பத்தொன்று. நாலு வயதில் மூட்டுவாதம் வந்தது. சரியான மருந்து கிடைக்கப் பல வருஷமானதால் உயரம் பள்ளிக்கூடப் பிள்ளையின் உயரத்தோடு நின்றுவிட்டது. மோவாய் சிறியது. விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். இந்த நோய் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் பயிற்சிக்காக அவளிடம் வருவார்கள். சிலர் பயிற்சியோடு வேறு ஏதோ ஒன்றையும் கற்றுக்கொண்டு போவார்கள். சென்னியப்பனுக்கு நாற்பத்தொன்பது வயது. சிஷ்யனாவதற்கு வயது வரம்பு எதுவும் இல்லை.

ஃபைலும் தண்ணீர் பாட்டிலுமாக அவர் மனைவி கலாமணி பின்னால் வந்து சேர்ந்தாள். பூங்கோதை அவளிடம் ஒரு சீட்டைக் கொடுத்தாள். இந்த நோய் சத்தமில்லாமல் கண்ணுக்குள்ளும் போகும். கண் சிவக்காது, வலிக்காது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கண் பிரிவில் காட்டியாக வேண்டும். தாயும் மகளும் அங்கே போனார்கள்.

"இப்பச் சொல்லுங்க சார்."

"என்ற பொண்ணு உண்மையைச் சொல்ல மாட்டேங்கறாளுங்க டீச்சர். வலிக்குதான்னா வலிக்கலைங்கறா. டாக்டர் வலி எத்தனைன்னு கேக்கற அந்த அளவு அட்டையைக் காட்டினா பூஜ்யத்துல வெரலை வெக்கறா. போன மாசம் பார்த்தா வலது மணிக்கட்டு பாதிதான் மடங்குது. இப்படியே மறைச்சா மூட்டு அரிச்சுப்போன பொறவுதான் நமக்குத் தெரியும், அப்புறம் எந்த ஊசி போட்டும் பழையபடி ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. அவளைச் சொல்ல வெக்கறதுக்கு ஒரு வழி சொல்லோணும்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை வலிக்குதான்னு கேப்பீங்க?"

அவர் யோசித்தார். "எந்திரிச்சதும் கேப்பேன். பல்லு வெளக்கறப்ப, சோறு திங்கறப்ப, வண்டியில ஏத்தறப்ப. முப்பது தடவை இருக்குமுங்க."

"உங்களை யாராச்சும் ஒரே கேள்விய முப்பது தடவை கேட்டா?"

"சண்டைக்குப் போயிருவனுங்க."

"மகிழினி பரவால்ல. பூஜ்யம்னு சொல்லிட்டு விட்டுடறா. டாக்டர் கேட்டப்ப அவ எங்க பார்த்தா?"

"என்னைத்தானுங்க பார்த்தா."

"அவ வலிக்குதுன்னு சொன்னா வீட்டுல என்ன நடக்கும்?"

"அன்னிக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்னுருவேன். கால் தரையில பட விடமாட்டேன். கலாமணி அழுவா. அவ அழறதைப் பார்த்தா எனக்குச் சோறு எறங்காது."

"இதுக்கு முன்னால அவ சொன்னப்ப?"

சென்னியப்பன் கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து உருட்டினார். அவர் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன்.

அவர் பி.டி. மாஸ்டர். அவர் நிமிர்ந்து பார்த்தால் அறுநூறு பிள்ளைகள் கோடு போட்ட மாதிரி நிற்பார்கள். மகளும் அதே பள்ளிக்கூடம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மகிழினி காலையில் நொண்டினாள். "கால் வலிக்குதுப்பா" என்றாள். சாயங்காலம் கோ-கோ ஆடினாள். மறுநாள் காலையில் மறுபடி நொண்டினாள். மட்டம் போடுவதற்குப் பிள்ளைகள் செய்கிற கூத்தையெல்லாம் இருபது வருஷமாகப் பார்த்தவர் அவர். "எங்கிட்டயே நடிக்கறயா?" என்று, காலை வழிபாட்டுக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்று பார்க்க, மைதானத்தை நாலு சுற்று ஓட விட்டார். ஓடினாள். பதினைந்தாம் நாள் முழங்கால் பெரிய கொய்யாப்பழம் அளவுக்கு வீங்கி நின்றது.

ராத்திரி அசையாமல் கிடக்கும்போது மூட்டு இறுகிப்போகும், காலையில் நொண்டும், நடமாட நடமாட இளகி மத்தியானத்துக்குமேல் ஓடும், இந்த நோயின் அடையாளமே அதுதான் என்று டாக்டர் விளக்கினார். அன்றைக்கு ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து அழுதவர்தான். அதன் பிறகு மகளை இடுப்பை விட்டு இறக்கவில்லை. பிள்ளைகளுக்கும் மூட்டுவாதம் வருமா என்று ஊர் வாயைப் பிளந்தது. வாதத்துக்கு முடக்கத்தான் என்று ஆளாளுக்குப் பறித்துவந்து கொடுத்ததில் ரோட்டோர வேலியெல்லாம் மொட்டையானது.

"முன்னால சொன்னப்ப ஓட விட்டனுங்க," என்றார் கடைசியில்.

"அப்பச் சொன்னதுக்கு ஓட விட்டீங்க. இப்பச் சொன்னா நடக்கவே விடமாட்டீங்க. அவ எடத்துல இருந்தா நானும் பூஜ்யந்தான் சொல்லுவேன் சார்."

"அப்ப நான் என்னதான் பண்ணோணும்?"

பூங்கோதை தன் வலது கையை மேஜைமேல் வைத்தாள்.

"இன்னிக்கு எனக்கும் மணிக்கட்டு புடிச்சிருக்குது. இப்படிக் கீழே ஒரு கை குடுங்க. இன்னொரு கையால மெதுவா மேலே தூக்குங்க. தூக்கிப் புடிச்சுட்டுப் பத்து எண்ணுங்க. மகிழினிக்குத் தினமும் பண்ண வேண்டிய பயிற்சி இதுதான்."

அவர் தயங்கித் தயங்கிப் பிடித்தார். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

"வலிக்குது," என்றாள்.

சூடு பட்டது போலக் கையை விட்டுவிட்டார். "மன்னிச்சுக்கோங்க டீச்சர்."

"ஏன் விட்டீங்க?"

"வலிக்குதுன்னீங்களே."

"வலிக்குதுன்னுதான் சொன்னேன். விடச் சொல்லலை. மறுபடி புடிங்க."

பிடித்தார். ஐந்தாவது எண்ணில் அவள் மறுபடி வலிக்குது என்றாள். அவர் விடவில்லை. ஆனால் கண் நிறைந்துவிட்டது.

"இப்ப நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லோணும். என்ற வலி என்ன ஆச்சு?"

அவர் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மறுபடி."

இந்தத் தடவை அவர் மைதானத்துக் குரலை எடுத்தார். அவள் வலிக்குது என்றபோதும் குரல் அசையவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று முடித்துவிட்டு, பரீட்சை எழுதின பையனைப் போல நிமிர்ந்தார்.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சுங்களா?"

"விழுந்துச்சுங்க."

"விழுந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வெளியே அடுத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரோ வந்து நின்றார்கள். பூங்கோதை அவர்களை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினாள். கையை மட்டும் மேஜையிலிருந்து எடுக்கவில்லை.

நாலாவது தடவை. ஆறாவது எண்.

"வலிக்குது."

சென்னியப்பன் எண்ணுவதை நிறுத்தினார். கையை விடவில்லை. "எங்கீங்க?"

"சுண்டுவெரல் பக்கம்."

"ரொம்பவுங்களா?"

"நாலு இருக்கும்."

"எறக்கிரலாமுங்களா?"

"சித்தெ எறக்குங்க, கொஞ்சூண்டு போதும். ம், அங்கயே புடிங்க. இப்ப எண்ணுங்க."

ஏழிலிருந்து பத்து வரை எண்ணினார். பூங்கோதை கையை எடுத்துக்கொண்டாள். "காலைல வெந்நீர்ல கொஞ்ச நேரம் கைய வெக்கச் சொல்லிட்டு அப்புறம் இதைப் பண்ணுங்க. வலிக்குதான்னு நீங்களாக் கேக்க வேண்டாம். வாரம் ஒருக்கா போடற மாத்திரையை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீங்க."

"முடக்கத்தான் தோசைங்க?"

"ருசியா இருந்தாச் சாப்பிடுங்க."

அதற்குள் மகிழினி வந்துவிட்டாள். கண்ணில் ஒன்றுமில்லை என்று சீட்டில் எழுதியிருந்தது. சென்னியப்பன் வழக்கம்போல் அவளைத் தூக்கக் குனிந்தார்.

"நடக்கறயா, தூக்கிக்கட்டுமான்னு அவளைக் கேளுங்க," என்றாள் பூங்கோதை.

மகிழினி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். முப்பத்திரண்டு படி. பின்னாலேயே சென்னியப்பன் இரண்டு கைகளையும் பாதி நீட்டியபடி, கோழி பிடிக்கிறவர் மாதிரி இறங்கினார்.

ஆறு நாள் கழித்து அவர் மட்டும் வந்தார்.

"கேக்கறத நிறுத்திட்டனுங்க. ஆனா இன்னும் வலிக்கலைன்னுதான் சொல்றா. பொய்யிங்க. ஆறு எண்ணறப்பவே தோள் மேலே ஏறுது, கால் கட்டைவெரல் மடங்குது. எனக்குத் தெரியாதுங்களா?"

"போன மாசம் தெரிஞ்சுதுங்களா?"

"இல்லீங்க."

பூங்கோதை ஒரு குழந்தையின் காலுக்குத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"நான் வலிக்குதுன்னு சொன்னா எங்கம்மா அழுவாங்க சார். அடுப்படியில உக்காந்து, எனக்குத் தெரியக்கூடாதுன்னு முந்தானையை வாயில வெச்சுட்டு அழுவாங்க. எனக்கு அது தாங்காது. ஏழு வயசுல நானே அதுக்கு ஒரு மருந்து கண்டுபுடிச்சேன். வலிக்கலைம்மான்னு சொல்லிப் பார்த்தேன். சொன்ன உடனே அம்மா அழுகை நின்னுருச்சு. அவ்வளவு நல்ல மருந்து. மூணு வருஷம் விடாமக் குடுத்தேன்."

பட்டையின் நுனியைச் செருகிவிட்டுத் தன் விரல்களைக் காட்டினாள்.

"பக்க விளைவு மட்டும் எனக்கு."

சென்னியப்பன் அந்த விரல்களைப் பார்த்தார். அவர் மகளின் விரல்கள் இன்னும் நேராக இருந்தன. அதை நினைத்தபோது வந்த நிம்மதியும், நிம்மதி வந்ததே என்ற வெட்கமும் ஒன்றாக அவரைப் பிடித்துக்கொண்டன.

"இன்னும் எத்தனை நாள் ஆகுமுங்க?"

"அதை நாள் குறிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது சார். நாளைக்குக் காலைல வெந்நீர் வெச்சீங்கன்னா அது ஒரு நாள்."

அவர் வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் வெந்நீர் வைத்தார். அதற்கடுத்த நாளும் வைத்தார். மகிழினி குண்டாவுக்குள் கையை வைத்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சென்னியப்பன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் கையைத் துண்டால் ஒற்றி, மெதுவாகத் தூக்கிப் பத்து எண்ணுவார். கேள்வி தொண்டை வரைக்கும் வரும். விழுங்கிக்கொள்வார். முப்பது கேள்வியை விழுங்குவது முப்பது தண்டால் எடுப்பதைவிடக் கஷ்டம் என்று சக ஆசிரியர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்.

பதினோராம் நாள், எட்டு எண்ணியபோது, மகிழினி குண்டாவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வலிக்குதுப்பா."

ரொம்பச் சின்னக் குரல். குளத்தில் இறங்குமுன் ஒரு காலை மட்டும் வைத்துப் பார்ப்பார்களே, அப்படி.

சென்னியப்பனுக்கு அந்தக் கையை விட்டுவிட்டு அவளை அப்படியே வாரி எடுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"எங்க கண்ணு?" என்றார்.

"இங்க."

"எறக்கட்டுமா?"

"சித்தெ."

சித்தெ இறக்கினார். ஒன்பது, பத்து எண்ணினார். அடுப்படியிலிருந்து கலாமணி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள், கண்ணில் நீர் கோத்திருந்தது. சென்னியப்பன் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அவள் உள்ளே போய்க் கருகிக்கொண்டிருந்த தோசையைத் திருப்பினாள். மகிழினி மூன்று தோசை சாப்பிட்டு, பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் அவள் ஆறாவது எண்ணிலேயே சொன்னாள். அதற்கடுத்த நாள் இடது கணுக்காலும் வலிக்கிறது என்றாள். ஒரு நாள், "இன்னிக்கு ஒண்ணுமே இல்லப்பா" என்றாள். அவர் அவள் தோளைப் பார்த்தார். அது இருந்த இடத்தில் இருந்தது. அவர் நம்பினார்.

அந்த மாதம் டாக்டர் அட்டையை எடுத்து நீட்டினார். ஒரு கோடியில் பூஜ்யமும் சிரிக்கும் முகமும், மறு கோடியில் பத்தும் அழும் முகமும். மகிழினி அட்டையைத்தான் பார்த்தாள். பூஜ்யத்தைத் தாண்டி விரலை நகர்த்திக்கொண்டே போய் ஆறில் நிறுத்தினாள்.

கலாமணி பதறிவிட்டாள். "போன மாசம் பூஜ்யமா இருந்துச்சுங்களே டாக்டர். ஆறுக்குப் போயிருச்சுங்களே."

"போன மாசமும் ஆறுதாம்மா," என்றார் டாக்டர். அவர் மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார், கணுக்காலைத் திருப்பிப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார். எலும்பு இன்னும் அரித்துப்போகவில்லை. மாத்திரையோடு பதினைந்து நாளுக்கு ஒரு ஊசியும் எழுதினார். சரியான நேரத்தில் சொன்னாய் என்று மகிழினியின் தலையைத் தடவினார்.

ஊசிக்காகத் தாயும் மகளும் கீழே வரிசையில் நின்றார்கள். சென்னியப்பன் மட்டும் மாடிக்கு வந்தார். பூங்கோதை பந்துகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆறுன்னு சொல்லிட்டாளுங்க."

"சந்தோஷம் சார்."

அவர் போகவில்லை. கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்குக் காலைல இன்னொண்ணும் சொன்னாளுங்க. நாலுதான் எண்ணியிருந்தேன். 'அப்பா, அன்னிக்கு ஓடுனப்பவும் வலிச்சுது'ன்னா."

பூங்கோதை கையிலிருந்த பந்தைக் கூடையில் வைத்தாள். "கைய விட்டுட்டீங்களா?"

"விடலீங்க."

"என்ன சொன்னீங்க?"

"எங்க கண்ணுன்னேன். பழக்கத்துல வந்துருச்சுங்க. முழங்கால்லன்னா. மொதச் சுத்துலயே வலி தாங்கலைன்னா. மூணாவது சுத்துல கால் இருக்கறதே தெரியலைன்னா. நாலாவது சுத்துல..." அவர் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார். "எல்லாப் பிள்ளைகளும் பாக்கறாங்கன்னு சிரிச்சுட்டே ஓடுனாளாம். அந்தச் சிரிப்பை நான் பார்த்தனுங்க டீச்சர். அதைப் பார்த்துத்தான், பாரு, நடிப்புதான்னு முடிவு பண்ணினேன்."

அழுதார். அறுநூறு பிள்ளைகள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். பூங்கோதை அவரைத் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. முடியட்டும் என்று காத்திருந்தாள்.

"மன்னிச்சுக்க கண்ணுன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னனுங்க. அதுக்கு மேல சொன்னா அவ என்னையத் தேத்த ஆரம்பிச்சுருவா. அதனால வாயை மூடிட்டுப் பத்து வரைக்கும் எண்ணி முடிச்சேன். ஆனா பத்து எண்ணினா இது முடிஞ்சுருமுங்களா? இந்தப் பாவத்தை நான் எங்க கொண்டுபோய் எறக்கி வெக்கறது?"

"நீங்க மன்னிச்சுக்கன்னதுக்கு அவ என்ன சொன்னா?"

"அதுக்கு ஒண்ணும் சொல்லலீங்க. கையைத் தொடச்சுட்டு, 'நாளைக்குச் சித்தெ மெதுவாப் பண்ணுங்கப்பா'ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா."

"அப்ப நாளைக்குச் சித்தெ மெதுவாப் பண்ணுங்க சார்," என்றாள் பூங்கோதை.